ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்

ராஜரத்தினத்தின் கைப்பேசியில் அந்த வட்டம் காலை ஆறரை மணிக்குச் சுற்றத் தொடங்கியது. அவர் பல் விளக்கினார், மாட்டுக்கு வைக்கோல் போட்டார், தேத்தண்ணீர் குடித்தார், மனைவி சிவனேஸ்வரியிடம் இரண்டு வெவ்வேறு விஷயங்களுக்காக ஏச்சு வாங்கினார். வட்டம் தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. அதற்குக் கீழே ‘ஏற்றப்படுகிறது, காத்திருக்கவும்’ என்று எழுதியிருந்தது. மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

மருதங்கட்டுக் குளத்துக்கு மூன்று வாய்க்கால்கள். ராஜரத்தினத்தின் இரண்டு ஏக்கர் மூன்றாம் வாய்க்காலின் கடைசியில் கிடக்கிறது. அதற்கு அங்கால் பற்றைக்காடுதான். மழை குறைந்த சிறுபோகத்தில் குளத்துத் தண்ணீரை முறை வைத்துத்தான் விடுவார்கள். கிழமையில் ஒரு நாள், நாலு மணித்தியாலம். எந்த நாள் என்பது கிழமைக்குக் கிழமை மாறும். அந்த நேரத்தில் ஆள் மண்வெட்டியோடு வரம்பில் நின்று, வக்கடை என்கிற வழியை வெட்டி, வாய்க்காலை வயலுக்குள் திருப்பிவிட வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் ராஜரத்தினத்தை விசாரித்துக்கொண்டு வீட்டுக்கு வராது, நேரே பற்றைக்காட்டுக்குப் போய்விடும்.

முன்பெல்லாம் குளத்தின் துருசுக் கதவைத் திறக்கிற சுதாகரன், கமக்காரர் அமைப்பின் சுவரிலிருந்த கரும்பலகையில் வெண்கட்டியால் மூன்று வரி எழுதி வைப்பான். எந்த வாய்க்கால், எந்த நாள், எத்தனை மணி. அதை வாசிக்கச் சைக்கிளை விட்டு இறங்கவும் தேவையில்லை, ஒரு காலை ஊன்றினால் காணும்.

பிறகு நீர்த்தகவல் ஒருங்கிணைப்பு அதிகாரசபை வந்தது. நாலு ஜீப்பில் வந்து, கரும்பலகைக்கு மாலை போட்டு, அதன் நீண்டகாலச் சேவையைப் பாராட்டி மூன்று பேர் பேசி, அதைக் கழற்றிக்கொண்டு போனது. இனிமேல் தண்ணீர் முறையை ‘நீர்த்தூதன்’ என்ற செயலிதான் அறிவிக்கும், வேறு எவரும் வாயாலோ வெண்கட்டியாலோ அறிவிப்பது ஒழுங்கீனம் என்று சுற்றறிக்கை ஒட்டினார்கள். சுதாகரனும் நீர்த்தூதனைப் பார்த்துத்தான் கதவைத் திறக்க வேண்டும்.

அன்று வட்டம் ஒன்பது நாற்பதுக்கு நின்றது. பணிப்பாளரின் சிரித்த முகம் வந்தது. ஏழு பிரிவுத் தலைவர்களின் சிரிக்காத முகங்கள் வந்தன. நோக்கக் கூற்று, பணிக் கூற்று, குளத்தில் விட்ட மீன்குஞ்சுகளின் விபரம், நாற்பது வருட மழைவீழ்ச்சி, அன்றைய நற்சிந்தனை எல்லாம் வந்து முடிந்தபின் அடியில் ஒரு வரி தெரிந்தது. ‘உங்கள் முறை: நேற்று, காலை 6.00 முதல் 10.00 வரை.’

தகவலில் பிழையில்லை. முறை நேற்றுத்தான்.

“நேற்றைக்கு நடந்ததை இண்டைக்குச் சொல்ல ஒரு ஃபோன் வேணுமே?” என்றாள் சிவனேஸ்வரி. “அதை நான் சும்மாவே சொல்லுவன்.”

நெல் குடலைப் பருவத்தில் நின்றது. தாளுக்குள் பொதிந்திருக்கிற கதிர் வெளியே எட்டிப் பார்க்கப் போகிற நேரம். இந்த நேரத்தில் தண்ணீர் தவறினால் கதிர் வரும், உள்ளே அரிசி வராது, அறுவடைக்குப் போய்ப் பதரை அள்ளிக்கொண்டு வரலாம். ராஜரத்தினம் வயலில் இறங்கிக் குந்தியிருந்து நிலத்தைப் பார்த்தார். வெடிப்புக்குள் சுண்டுவிரல் போனது. இன்னும் ஒரு கிழமை தாங்கும். அதற்குமேல் தாங்காது. அடுத்த முறை எப்போதென்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும். வட்டத்தை நம்பி இருக்க ஏலாது. அவர் மாங்குளத்துக்குப் பஸ் ஏறினார்.

அதிகாரசபையின் வாசலில் ‘முறைப்பாடுகள் நீர்த்தூதன் ஊடாக மட்டுமே ஏற்கப்படும்’ என்று பலகை இருந்தது. ராஜரத்தினம் உள்ளே போய், நீர்த்தூதன் வரவில்லை என்பதுதான் முறைப்பாடு என்றார். வரவேற்பு மேசையிலிருந்தவர் அதையும் நீர்த்தூதன் ஊடாகத்தான் அனுப்ப வேண்டும் என்றார். ராஜரத்தினம் கைப்பேசியை எடுத்து மேசையில் வைத்தார். இரண்டு பேரும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கால் மணித்தியாலம் போனது. அந்த வழியால் போன பிரதிப் பணிப்பாளர் கமலாசனி மிஸ் நின்று எட்டிப் பார்த்தார்.

“நீங்கள் இதை உண்மையாவே பாவிக்கிறனீங்களோ?” என்று கேட்டார்.

ஓம் என்றார் ராஜரத்தினம்.

கமலாசனி மிஸ்ஸின் முகம் மலர்ந்த விதத்தைப் பார்த்து, தான் ஏதோ பரிசு வென்றிருக்கிறோம் என்று அவர் நினைத்தார். நடந்ததும் கிட்டத்தட்ட அதுதான். செயலி எந்த முறையில் தகவலை எடுத்துவர வேண்டும் என்று தீர்மானிக்க ‘தரவு ஏற்றல் முறைமைத் தெரிவுக் குழு’ என்று ஒன்றை அமைத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. குழுவில் ஒரு பயனாளர் இருக்க வேண்டும் என்பது விதி. செயலியைப் பாவிக்கிற ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாததால் குழு இன்னும் ஒருமுறைகூடக் கூடவில்லை. ஐந்து நிமிடத்துக்குள் ராஜரத்தினத்தின் கையில் ரோல்ஸும் பிளேன்ரீயும் இருந்தன. பணிப்பாளர் கலாநிதி குகப்பிரகாசம் தன் அறையிலிருந்து தானே இறங்கி வந்து அவருடைய மற்றக் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“என்ரை அடுத்த தண்ணி முறை எப்ப எண்டு சொன்னா நான் போயிடுவன், சேர்.”

“அதைத்தான் குழு ஆராயப் போகிறது” என்றார் பணிப்பாளர். குழு முடிவெடுத்துப் புதிய முறை வெளியிடப்படும்வரை, குழப்பத்தைத் தவிர்ப்பதற்காக, மூன்று வாய்க்காலுக்கும் தண்ணீர் விடுவதை அன்றே நிறுத்தி வைப்பதாகவும் சொன்னார். ராஜரத்தினம் முறைப்பாடு சொல்ல வந்ததன் உடனடிப் பலன் அது.

முதற் கூட்டம் வெள்ளிக்கிழமை. மங்கள விளக்கேற்றினார்கள், இறைவணக்கம் பாடினார்கள், வரவேற்புரை நடந்தது, தலைமையுரை நடந்தது. கொழும்பிலிருந்து வந்திருந்த ஆலோசகர் நிஷாந்தன் திரையில் படம் போட்டு விளக்கினார். தகவல்கள் அதிகாரசபையின் கணினிகளில் இருக்கின்றன. கைப்பேசி அவற்றைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்குவதற்கு மூன்று வழி உண்டு. திறந்தவுடன் இருக்கிற எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கலாம், இப்போது நடப்பது அது. அல்லது ஆள் எதைத் தொடுகிறாரோ அதை மட்டும் அப்போது கேட்டு வாங்கலாம். அல்லது கைப்பேசி பேசாமல் இருக்க, புதுச் செய்தி ஏதும் வந்தால் கணினியே கூப்பிட்டுச் சொல்லலாம். இந்த மூன்றைச் சொல்ல அவர் நூற்றெட்டுப் படம் வைத்திருந்தார்.

ராஜரத்தினம் இதைச் சாப்பாட்டுக் கடையாக விளங்கிக்கொண்டார். போய்க் குந்தினவுடனே குசினியில் இருக்கிற அத்தனை சட்டியையும் கொண்டுவந்து மேசையில் அடுக்குவது முதலாவது. கேட்ட கறியை மட்டும் வைப்பது இரண்டாவது. கறி இறக்கினதும் அவர்களே கூப்பிடுவது மூன்றாவது. தனக்கு இரண்டாவதும் சரி, மூன்றாவதும் சரி, தண்ணீர் வருகிற நேரத்தை மட்டும் வைத்தால் காணும் என்றார்.

கதவோரக் கதிரையில் இருந்த யதுர்ஷிகா என்ற பிள்ளை எழுந்தாள். செயலியை உண்மையில் எழுதுகிறவள் அவள் ஒருத்திதான். ஒப்பந்த ஊழியர் என்பதால் அவளுக்கு மேசை கொடுக்கப்படவில்லை.

“சேர், அங்கிளுக்குத் தேவை ஒரு வரி. அந்த ஒண்டை மட்டும் கேட்டு எடுத்தா ஒரு செக்கன்ல வந்திடும். நான் செய்து தாறன்.”

கமலாசனி மிஸ் அவளை இருக்கும்படி கையால் காட்டினார். பணிப்பாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பிள்ளை இளம் ரத்தம், வேகத்தை விரும்புகிறது. குறை சொல்லவில்லை” என்று தொடங்கினார். “ஆனால் கொஞ்சம் சிந்திப்போம். ஒரு செக்கனில் ஒரு வரி வந்தால், அந்த ஒரு வரிக்காக இந்தக் கட்டடத்தில் நூற்றிருபது பேர் இருக்கிறோம் என்று எவர் நம்புவார்? மக்கள் காத்திருக்க வேண்டும். காத்திருக்கும்போதுதான் உள்ளே ஏதோ வேலை நடக்கிறது என்ற நம்பிக்கை அவர்களுக்கு வருகிறது. நான் இந்தப் பதவிக்குப் பதினாறு வருடம் காத்திருந்தேன். அதனால் இந்தப் பதவியின் பெருமை குறைந்ததா?”

கைதட்டினார்கள். ராஜரத்தினமும் தட்டினார். எல்லாரும் தட்டும்போது சும்மா இருந்தால் சரியில்லை என்று பட்டது.

திங்கட்கிழமை மூன்று முறைகளையும் ஆட்களை வைத்துச் செய்து பார்த்தார்கள். கைப்பேசி சிறியது, குழுவினர் எல்லாராலும் ஒரே நேரத்தில் பார்க்க முடியாது என்பது காரணம். மண்டபத்தைச் சுற்றி ஏழு பிரிவுகளும் மேசை போட்டு உட்கார, நடுவில் ஒரு கதிரையில் ராஜரத்தினத்தை இருத்தி, கழுத்தில் ‘செயலி’ என்று மட்டை ஒன்றைக் கொழுவிவிட்டார்கள்.

முதல் முறைக்கு மணியடித்ததும் ஏழு பிரிவும் தங்கள் ஃபைல் முழுவதையும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தார்கள். மடி நிரம்ப, காலடியில் வைத்தார்கள். பிறகு பக்கத்தில். ஒரு கட்டத்துக்குமேல் ஆள் வெளியே தெரியவில்லை. தண்ணீர் முறை எங்கே என்று ஆலோசகர் கேட்க, குவியலுக்குள்ளிருந்து மீன்குஞ்சு ஃபைலைப் பிடித்த கை ஒன்று வெளியே வந்தது. ஆலோசகர் ‘தகவல் செறிவு: மிக நன்று’ என்று எழுதிக்கொண்டார்.

இரண்டாம் முறைக்கு அவர் மேசை மேசையாகப் போய்க் கேட்க வேண்டும். ஒவ்வொரு மேசையிலும் முதலில் அடையாள அட்டையைப் பார்த்தார்கள். பார்த்துவிட்டு, இவர் ராஜரத்தினம்தான் என்று ஒரு துண்டு எழுதி அடுத்த மேசைக்குக் கொடுத்தார்கள். துண்டு ஐந்து நிமிடத்துக்குத்தான் செல்லும். அடுத்த மேசையில் இருந்தவர் ஆறாவது நிமிடத்தில் நிமிர்ந்து பார்த்து, இது காலாவதி, திரும்பப் போய் நீங்கள் யாரென்று எழுதுவித்துக்கொண்டு வாருங்கோ என்றார். மத்தியானத்துக்குள் ராஜரத்தினம் பதினான்கு தடவை ராஜரத்தினமாக உறுதிப்படுத்தப்பட்டார். தண்ணீர் முறைப் பிரிவின் மேசையை அடைந்தபோது அதன் தலைவர் சாப்பிடப் போயிருந்தார்.

மூன்றாம் முறையில் அவர் சும்மா இருக்க வேண்டும், செய்தி ஏதும் இருந்தால் பிரிவுகள் வந்து சொல்லும். நாலு மணிவரை சும்மா இருந்தார். ஒருவரும் வரவில்லை. தண்ணீர் விடுவதைத்தான் நிறுத்தியாயிற்றே, செய்தி எங்கே இருந்து வரும்? மூன்றில் இதுவே அமைதியானது என்று குழு பாராட்டியது.

அன்று வீட்டுக்கு வந்தவரிடம் சிவனேஸ்வரி, தண்ணீர் எப்போது என்று கேட்டாள். தெரியவில்லை என்றார். பிறகு இவ்வளவு நேரமும் அங்கே என்ன செய்தீர்கள் என்று கேட்டாள். செயலியாக இருந்தேன் என்றார். அவள் கொஞ்ச நேரம் அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, வயல் வரம்பில் நெல் தாளின் நுனி மஞ்சளாகிறதென்று சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை ஒழுங்குமுறை பற்றிய கூட்டம். எந்த முறையானாலும், எந்தத் தகவல் முதலில் வர வேண்டும்? இதில்தான் அதிகாரசபை உண்மையாகச் சூடானது. விழாக்களில் மங்கள விளக்கை யார் யார் எந்த வரிசையில் ஏற்றுவார்களோ அந்த வரிசையில்தான் தகவலும் வர வேண்டும் என்றார் கமலாசனி மிஸ். தலைவர்கள் ஏழு பேர், விளக்குக்குத் திரி ஐந்துதான் என்பதால் இரண்டு பேர் ஏற்கெனவே கோபத்தில் இருந்தார்கள். மழைவீழ்ச்சிப் பிரிவு தனக்கு மீன்குஞ்சுப் பிரிவைவிட மூன்று வருட மூப்பு என்றது. மீன்குஞ்சுப் பிரிவு, மீன் உயிருள்ளது, மழை அப்படியல்ல என்றது. எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கேட்கலாம், எது முதலில் வருகிறதோ வரட்டும் என்று யதுர்ஷிகா சொன்னாள்.

“எல்லாரும் ஒரே நேரத்தில வாசலால வந்தா, மாலையை ஆருக்குப் போடுறது?” என்று கேட்டார் கமலாசனி மிஸ். யதுர்ஷிகா திரும்பப் போய்க் கதவோரக் கதிரையில் இருந்தாள்.

பின்னேரம் பதினான்காம் தீர்மானம் நிறைவேறியது. பணிப்பாளரின் வாழ்த்து, பிரிவுகள் மூப்பின்படி, நற்சிந்தனை, நன்றியுரை, அதன்பின் தண்ணீர் முறை. ஒன்று முழுமையாக ஏறாமல் மற்றது தொடங்கக் கூடாது. இந்த ஒழுங்கை எவரும், எக்காரணம் கொண்டும், மாற்றக் கூடாது. ராஜரத்தினமும் கையொப்பமிட்டார்.

அப்படியானால் கடைசியாக வந்த தண்ணீர் முறையையாவது கைப்பேசி ஒரு பிரதி எடுத்துத் தனக்குள் வைத்திருக்கட்டும், ஒவ்வொரு தடவையும் கேட்கத் தேவையில்லை என்று யதுர்ஷிகா கடைசி முயற்சி செய்தாள். பிரதி என்ற சொல்லைக் கேட்டதும் பணிப்பாளர் நிமிர்ந்தார். பிரதி என்றால் அது உண்மைப் பிரதி என்று ஒரு சமாதான நீதவான் உறுதிப்படுத்த வேண்டுமே. உடனே ராஜரத்தினத்தை முத்திரை வைத்திருக்கிற ஒரு சமாதான நீதவானிடம் அனுப்பினார்கள். அவர் முப்பது வருடமாகக் கேள்வி கேட்காமல் முத்திரை குத்திப் பழகியவர். கைப்பேசியை வாங்கி, கண்ணாடியின் மேலே நடுவாக ‘உண்மைப் பிரதி’ என்று ஊதா மையில் குத்தி, கையொப்பமிட்டுக் கொடுத்தார். அன்று முழுவதும் ராஜரத்தினத்தால் வட்டத்தைக்கூடப் பார்க்க முடியவில்லை.

புதன்கிழமை குழு இரண்டு வான் வண்டியில் ஆனையிறவுக்குப் போனது. உப்பளத்தில் கடல்நீரைப் பாத்திக்குள் ஏற்றும் முறையை நேரில் பார்ப்பது நோக்கம். வெயிலில் குடை பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். மெதுவாக ஏற்றினால்தான் உப்பு விளைகிறது, ஆகவே தாமதம் ஒரு குறை அல்ல, அது தரத்தின் அடையாளம் என்று திரும்பும் வழியிலேயே அறிக்கை தயாரானது. மூன்று முறைகளையும் ஒன்றாகச் சேர்த்து வெளியிடுவது என்றும் முடிவானது. விழா மறுநாள், பயனாளரின் வயலோரத்தில்.

ராஜரத்தினத்தின் கணக்கில் நெல் தாங்கக்கூடிய கடைசி நாள் அந்த மறுநாள்தான்.

வியாழக்கிழமை காலை மூன்றாம் வாய்க்காலின் கரையில் மருதமரத்தின் கீழே மேடையும் பனரும் பெரிய திரையும் தயாராயிருந்தன. மூன்று வாய்க்கால் கமக்காரரையும் கொண்டுவந்து கதிரையில் இருத்தியிருந்தார்கள். ராஜரத்தினம் வாய்க்காலைப் பார்த்தார். பார்த்தவர் அப்படியே நின்றார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

கரையில் குந்தியிருந்த சுதாகரனிடம் இது என்ன என்று கேட்டார்.

“காய்ஞ்ச வாய்க்காலைப் படத்தில போடேலாதாம், அண்ணை. ஒம்பதுக்குத் திறக்கச் சொன்னவை. விழா முடிஞ்ச கையோட பூட்டச் சொன்னவை.”

“விழா எத்தினை மணிக்கு முடியும்?”

“அது அவையளுக்கே தெரியாது.”

ராஜரத்தினம் மரத்துக்குப் பின்னால் போய், பேசுவதற்கென்று வைத்திருந்த பழைய சின்னக் கைப்பேசியில் வீட்டுக்கு எடுத்தார். “இஞ்சாரும், மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு வயலுக்குப் போம். வக்கடையை வெட்டிவிடும். தண்ணி வருகுது.”

“ஆர் சொன்னது, உந்த ஃபோனோ?”

“இல்லை. நான் கண்ணால கண்டனான்.”

“அப்ப நம்பலாம்” என்றாள். “நிலம் வெடிச்சுக் கிடக்கு. மூண்டு மணித்தியாலத்துக்கு முதல் நிறையாது, சொல்லிப்போட்டன்.”

ஒன்பதரைக்கு விளக்கேற்றல் தொடங்கியது. மூன்று மணித்தியாலம் ஒரு பிரச்சினையே இல்லை என்றுதான் ராஜரத்தினம் நினைத்தார். இந்த அதிகாரசபை வணக்கம் சொல்லவே ஒரு மணித்தியாலம் எடுக்கும். ஆனால் பத்து மணிக்குப் பணிப்பாளரின் கைப்பேசி அடித்தது. கொழும்பிலிருந்து வருவதாயிருந்த பிரதம விருந்தினர் வரவில்லையாம். பணிப்பாளரின் தோள் இறங்கிவிட்டது. பார்க்க ஆளில்லாத விழாவை என்ன செய்வது, சுருக்கமாக முடிப்போம், செயலியைத் திறந்து காட்டிவிட்டு எழும்புவோம், பத்து நிமிடம் காணும் என்று மிஸ்ஸிடம் சொன்னார். சுதாகரன் பூட்டுவதற்காக எழும்பி வேட்டியைத் தட்டினான்.

ராஜரத்தினம் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கூட்டமொன்றில் கூப்பிடாமல் எழுந்து நின்றார்.

“சேர், பதினாலாம் தீர்மானம். ஒழுங்கை ஆரும் மாத்தேலாது. எக்காரணம் கொண்டும் எண்டு எழுதியிருக்கு. நான் கையெழுத்தும் வைச்சனான்.”

கமலாசனி மிஸ் ஃபைலைப் புரட்டினார். இருந்தது. பணிப்பாளர் மறுபடி கதிரையில் இருந்தார். வாழ்த்துரை, பிரிவுத் தலைவர்கள் ஏழு பேரின் உரைகள் எல்லாம் வரிசையாக நடக்கத் தொடங்கின. ஆனால் விருந்தினர் இல்லாத சோகத்தில் தலைவர்கள் ஆளுக்கு ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள். வாழ்க்கையில் எப்போதும் இப்படிச் செய்யாதவர்கள். பத்தே முக்காலுக்குச் செயலியை ஏற்றிக் காட்டும் கட்டம் வந்துவிட்டது. ராஜரத்தினம் கைப்பேசியோடு மேடைக்கு ஏறினார். கம்பியைப் பொருத்த வந்த யதுர்ஷிகா அவருடைய காதருகே குனிந்தாள். முகமெல்லாம் சந்தோசம்.

“அங்கிள், ஒருத்தருக்கும் சொல்லாமல் ஒரு வேலை செய்திருக்கிறன். உங்கட ஃபோனுக்கு மட்டும் சுருக்கிப் போட்டன். தொட்டவுடனே தண்ணி முறை மட்டும் வரும். ஒரு செக்கன்தான். பாருங்கோ.” கம்பியைப் பொருத்துமுன் அவருடைய கைப்பேசியில் தொட்டுக் காட்டினாள். வட்டமே வரவில்லை. ஒரு வரி வந்து நின்றது: ‘உங்கள் முறை: செவ்வாய், காலை 6.00.’

ஒரு கிழமையாக அலைந்து கேட்ட பதில். சுத்தமான, சரியான, உடனடியான பதில். செவ்வாய்க்கிழமைக்குள் வயலில் பதர்தான் நிற்கும். இந்த வரி திரையில் வந்த அடுத்த நிமிடம் எல்லாரும் கைதட்டி எழும்புவார்கள், சுதாகரன் கதவைப் பூட்டுவான்.

“பிள்ளை,” என்றார் ராஜரத்தினம், “கெதியாக்காதேங்கோ.”

“என்ன அங்கிள்?”

“பழையதைப் போடுங்கோ. முழுசாப் போடுங்கோ. நாப்பது வருச மழையையும் போடுங்கோ. அந்த மீன்குஞ்சையும் விட்டிடாதேங்கோ.”

யதுர்ஷிகா அவரைப் பார்த்தாள். அவருடைய கண் போன பக்கம் வாய்க்காலைப் பார்த்தாள். தூரத்தில், வயலில், சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மண்வெட்டியோடு நின்ற மனிசியைப் பார்த்தாள். பிறகு குனிந்து எதையோ மாற்றினாள்.

“மழைவீழ்ச்சியை மாசம் மாசமாப் பிரிச்சும் எடுக்கலாம், அங்கிள். அது இன்னும் பிந்தும்.”

“நல்லாயிருப்பீங்கள்.”

பெரிய திரையில் வட்டம் சுற்றத் தொடங்கியது. ராஜரத்தினம் அந்த வட்டத்தை இதற்கு முன் இப்படி அன்பாகப் பார்த்ததில்லை. பணிப்பாளரின் முகம் மேலிருந்து கீழாக, முதலில் முடி, பிறகு நெற்றி, பிறகு ஒரு புருவம் என்று இறங்கியது. மீசை வர இருபது நிமிடம் ஆனது. மழைவீழ்ச்சி வரத் தொடங்கியதும் ராஜரத்தினம் ஒலிவாங்கியைப் பிடித்து, இந்தக் கணக்கைச் சேர் கொஞ்சம் விளங்கப்படுத்தினால் எங்களுக்கு உதவியாயிருக்கும் என்றார்.

பணிப்பாளர் தலையைத் தூக்கினார். அவருடைய உத்தியோக வாழ்வில் இப்படி ஒரு கேள்வியை எவரும் கேட்டதில்லை. எழுந்து வந்தார். தன் கலாநிதிப் பட்ட ஆய்வே அதுதான் என்று தொடங்கினார். ஒவ்வொரு வருடமாகச் சொன்னார். ராஜரத்தினம் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார், நடுவில் மாரி பிந்திய வருடம் ஒன்றைத் திரும்பச் சொல்லச் சொல்லிக் கேட்டார். பன்னிரண்டு மணிக்குப் பணிப்பாளரின் தொண்டை கட்டிவிட்டது. வட்டம் நற்சிந்தனையைத் தாண்டி நன்றியுரையில் நின்றது. நன்றியுரையைப் பயனாளரே சொல்வதுதான் பொருத்தம் என்று ராஜரத்தினம் தானே முன்மொழிந்து, தானே வழிமொழிந்தார்.

பணிப்பாளருக்கு நன்றி சொன்னார். மிஸ்ஸுக்குச் சொன்னார். ஏழு தலைவர்களுக்கும் அவர்களின் ஊர், படித்த பாடசாலை எல்லாம் விசாரித்து விசாரித்துச் சொன்னார். கதிரை தந்தவருக்கு, ஒலிபெருக்கி கட்டியவருக்கு, மருதமரத்துக்கு, ஆனையிறவில் குடை பிடித்தவருக்குச் சொன்னார். தன்னை உண்மைப் பிரதியாக்கிய சமாதான நீதவானுக்குச் சொன்னார். இவ்வளவு பேச்சுத் தனக்குள் இருந்ததென்று அவருக்கே தெரியாது. வெயில் ஏறியது. சுதாகரன் திரும்பவும் குந்திவிட்டான். மீன்குஞ்சுகளுக்கு இனம் இனமாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தபோது சட்டைப் பைக்குள் அந்தச் சின்னக் கைப்பேசி அடித்தது. ஒலிவாங்கியை மற்றப் பக்கம் திருப்பிக்கொண்டு எடுத்தார்.

“காணும், நிப்பாட்டுங்கோ,” என்றாள் சிவனேஸ்வரி. “வரம்பு வழியுது.”

ராஜரத்தினம் ஒலிவாங்கியை நேராகப் பிடித்தார். “ஆகவே, திலாப்பியாக் குஞ்சுகளுக்கும்...” என்றவர், அப்படியே வைத்துவிட்டு இறங்கிப் போய்த் தன் கதிரையில் இருந்தார்.

உணர்ச்சிவசப்பட்டுவிட்டார் என்று எல்லாரும் நினைத்தார்கள். பணிப்பாளரின் கண் கலங்கியிருந்தது. அந்த நேரத்தில் வட்டம் நின்று, திரையில் ‘தரவு கிடைக்கவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்’ என்று வந்தது. அதை ஒருவரும் பார்க்கவில்லை, எல்லாரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். சுதாகரன் எழும்பிப் போய்க் கதவைப் பூட்டினான்.

பணிப்பாளர் ஜீப்பில் ஏறப் போகும்போது இரண்டாம் வாய்க்கால் இளையதம்பி முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் முதலாம் வாய்க்கால் ஆட்களும் நின்றார்கள். விழா முழுவதும் ராஜரத்தினத்தின் வாயைப் பார்க்காமல் வயலைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள்.

“சேர், இந்த நீர்த்தூதன் வலு நல்ல சாமான்” என்றார் இளையதம்பி. “எங்கட வாய்க்கால்லயும் ஒருக்கா வெளியிட வேணும்.”

பணிப்பாளர் மிஸ்ஸைத் திரும்பிப் பார்த்தார். மக்களிடமிருந்து தானாகவே வருகிற கோரிக்கை. மிஸ் ஃபைலைத் திறந்து குறித்துக்கொண்டார். எப்போது வசதி என்று பணிப்பாளர் கட்டிய தொண்டையால் கேட்டார்.

“நாளைக்கே வையுங்கோ” என்றார் இளையதம்பி. “ஆனா எனக்கு மூண்டரை ஏக்கர், சேர். பேச்சாளரைக் கொஞ்சம் கூடவாக் கூட்டிக்கொண்டு வாங்கோ.”